நகலின் நீள் ஆயுள்: ஹீலியோஸ் வில்லையும் திருவொற்றியூர் புல்லட்டும்

முன்னுரை

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் முதலில் கண்டறிந்தவரின் வரலாறாகவே எழுதப்படுகிறது. வேறொரு நாட்டில் அப்பொருளைத் தொடர்ந்து உருவாக்கியோர் 'நகலெடுத்தோர்' என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கப்படுகின்றனர். இப்பார்வையின் போதாமையை, திரைப்பட ஒளிப்பதிவில் இன்று மறுவாழ்வு பெற்றுள்ள ஹீலியோஸ்-44 என்னும் சோவியத் கேமரா லென்ஸை வடசென்னைத் திருவொற்றியூரின் புல்லட் மோட்டார் சைக்கிளோடு ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது.

யெனாவிலிருந்து கிராஸ்னகோர்ஸ்க்

ஹீலியோஸின் மூலம், ஜெர்மனியின் யெனா நகரில் கார்ல் சைஸ் நிறுவனம் 1930களில் வெளியிட்ட 58 மி.மீ. பயோட்டார் ஆகும். நான்கு தொகுதிகளில் ஆறு வில்லைகளைக் கொண்ட அதனை வடிவமைத்தவர் வில்லி மெர்ட்டே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் யெனா சோவியத் ஆளுகைக்குட்பட்டது. போர் இழப்பீடாக எந்திரங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1946 அக்டோபரில் வல்லுநர்களும் கொண்டுசெல்லப்பட்டனர். மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் ஆலை, 1958இல் 'ஸ்டார்ட்' கேமராவுடன் ஹீலியோஸ்-44ஐ வெளியிட்டது. பின்னர் செனித் கேமராக்களுடன் அது இலட்சக்கணக்கில் விற்பனையானது. யெனாவில் பயோட்டாரின் உற்பத்தி நின்ற பின்னரும், 1990கள் வரை ஹீலியோஸ் வகைகள் உருவாக்கப்பட்டன.

ரெட்டிச்சிலிருந்து திருவொற்றியூர்

இங்கிலாந்தின் ரெட்டிச் நகர ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொடக்கத்தில் பாகங்கள் கப்பலில் வந்திறங்கித் திருவொற்றியூரில் பொருத்தப்பட்டன. 1957இல் உற்பத்திக் கருவிகளும் வந்தன. 1960களின் தொடக்கத்தில் பாகங்கள் இங்கேயே உருவாயின. தாய் நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் மறைந்தது. 1977இல் திருவொற்றியூர் புல்லட் பிரித்தானியாவுக்கே ஏற்றுமதியானது.

இரு வரலாறுகளும் ஒன்றல்ல. முன்னது வென்றவர் எடுத்துக்கொண்டது. பின்னது ஒப்பந்தத்தால் பெற்றது. முன்னதில் வல்லுநர் பலரின் விருப்பம் கேட்கப்படவில்லை. இவ்வேறுபாட்டை மறைத்து இரண்டையும் 'தொழில்நுட்பப் பரிமாற்றம்' என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. ஆயினும், மூலம் மறைந்த பின்னரும் வடிவமைப்பைக் காத்தது நகலே என்பது இரண்டுக்கும் பொது.

குறையின் மறுமதிப்பீடு

ஹீலியோஸின் துளையை முழுதும் திறந்து படமெடுத்தால், சாய்ந்து வரும் ஒளியின் ஒரு பகுதியை லென்ஸின் குழல் தடுக்கிறது. அதனால் பின்புலத்தின் ஒளிவட்டங்கள் ஓரங்களில் நீள்வட்டங்களாகி, மையத்தைச் சுற்றிச் சுழல்வனபோல் தோன்றுகின்றன. ஒளியியலாளர் களைய முயன்ற குறை இது. எண்ணிம ஒளிப்பதிவின் மிகுகூர்மைக்கு மாற்றுத் தேடுவோர் இதனையே இன்று பண்பாகக் கொள்கின்றனர். நிழற்படத்திற்கென அமைந்த பழைய வில்லைகளைத் திரைப்படக் கேமராவுக்குரிய புதிய உறையில் பொருத்தும் தொழில் உக்ரைனில் வளர்ந்துள்ளது. 'டூன்: பாகம் இரண்டு' (2024) படத்தில் கிரெய்க் ஃபிரேசர் அத்தகைய சோவியத் லென்ஸ்களைப் பயன்படுத்தினார். புல்லட்டின் பழைய தோற்றமும் இவ்வாறே பின்தங்கியமையின் அடையாளமாக இருந்து மரபின் அடையாளமாயிற்று.

முடிவுரை

'எங்கே முதலில் உருவானது' என்பதோடு 'எங்கே நெடுங்காலம் உருவானது' என்னும் வினாவையும் தொழில்நுட்ப வரலாறு எழுப்ப வேண்டும். அவ்வினாவின் வழி நோக்கினால், இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான தொழிற்பகுதி உழைப்பு மட்டும் விலைபோன இடமன்று. பிற நாட்டு வடிவமைப்புகளைக் கைத்திறனால் தமதாக்கிக் காத்த அறிவுக்களமும் ஆகும். அவ்வறிவு வரைபடங்களில் மட்டுமின்றித் தொழிலாளரின் நினைவிலும் உள்ளது. ஆலைகள் மூடப்படும்போது வரைபடங்கள் ஆவணக்காப்பகத்தைச் சேரக்கூடும், நினைவு சேராது. அதனைப் பதிவுசெய்தல் வடசென்னை ஆய்வின் உடனடிப் பணியாகும்.