பிளஸ் 2-வில் உயிரியல் படிக்காதவர்களும் மருத்துவம் படிக்கலாம்: எல்லையோர மாணவர்கள் அறிய வேண்டிய விதிகள்

திருவனந்தபுரம்: பிளஸ் 2 வகுப்பில் கணினி அறிவியல், வணிகவியல் அல்லது கலைப் பாடப் பிரிவை எடுத்துவிட்டால் மருத்துவப் படிப்புக்கான வாய்ப்பு முடிந்துவிட்டது என்ற எண்ணம் பெற்றோரிடையே இன்னும் வலுவாக உள்ளது. 2023-ஆம் ஆண்டு வரை அது பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட பொது அறிவிக்கை நிலைமையை மாற்றியது.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 1997-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, எம்.பி.பி.எஸ். சேர விரும்புபவர் 11, 12-ஆம் வகுப்புகளில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றைச் செய்முறைப் பயிற்சியுடன் தொடர்ச்சியாக இரண்டு ஆண்டுகள் படித்திருக்க வேண்டும்; ஆங்கிலமும் கட்டாயம். பதினைந்து வயதில் எடுத்த பாடப் பிரிவு முடிவே வாழ்நாள் முடிவாக அமைந்தது. புதிய அறிவிக்கையின்படி, பிளஸ் 2 தேர்ச்சிக்குப் பிறகும் அங்கீகரிக்கப்பட்ட வாரியம் ஒன்றின் வழியாகத் தேவையான பாடங்களைக் கூடுதல் பாடங்களாக எழுதித் தேர்ச்சி பெற்றவர்கள் நீட் தேர்வுக்குத் தகுதியுடையவர்கள்.

இதில் ஒரு தவறான புரிதல் பரவியுள்ளது. அறிவியல் படிக்காமலேயே மருத்துவராகலாம் என்று ஆணையம் கூறவில்லை. விலக்கப்பட்டது இரண்டு ஆண்டு தொடர் படிப்பு என்ற நிபந்தனை மட்டுமே, பாடங்கள் விலக்கப்படவில்லை. கணிதம், கணினி அறிவியல் பிரிவில் படித்தவருக்கு உயிரியல் என்ற ஒரே பாடம் போதும். பி.காம். அல்லது பி.ஏ. முடித்தவர் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் பிளஸ் 2 தரத்தில் எழுதியாக வேண்டும். பட்டம் இருப்பதால் எந்தப் பாடத்துக்கும் விலக்கு கிடையாது.

வயது ஒரு தடையல்ல. சேர்க்கை ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைவடைந்திருந்தால் போதும். உச்ச வயது வரம்பு நீக்கப்பட்டதாக 2022 மார்ச் மாதம் அறிவிக்கப்பட்டது.

கூடுதல் பாடம் எழுதும் வழி

பள்ளியை விட்டு வெளியேறியவர்களுக்கு எளிதில் எட்டக்கூடியது தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். ஏற்கெனவே பிளஸ் 2 முடித்தவர்கள் இதில் பகுதிச் சேர்க்கை பெற்று, ஒன்று முதல் நான்கு பாடங்கள் வரை மட்டும் எழுதலாம். அவர்களுக்குத் தனிச் சான்றிதழ் தரப்படாது. மதிப்பெண் பட்டியல் வழங்கப்படும். பழைய பிளஸ் 2 சான்றிதழையும் இந்தப் பட்டியலையும் சேர்த்தே கலந்தாய்வில் காட்ட வேண்டும். பொதுத் தேர்வுகள் ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இருமுறை நடைபெறுகின்றன. அடுத்த ஆண்டு நீட் எழுத எண்ணுபவர் அக்டோபர்ப் பருவத்தையே குறிவைப்பது நல்லது. ஏப்ரல்ப் பருவத்தை நம்பினால், மதிப்பெண் பட்டியல் தாமதமாகி ஓர் ஆண்டு வீணாகக்கூடும். செய்முறைத் தேர்வைத் தவறவிடக் கூடாது.

திறந்தநிலைப் பள்ளி மாணவர்களை மருத்துவக் கவுன்சில் ஒருகாலத்தில் ஏற்கவில்லை. அந்த விதியைத் தில்லி உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் ரத்து செய்தது. அங்கீகாரம் பெற்ற திறந்தநிலைப் பள்ளிகளில் பயின்றவர்கள் நீட் எழுதலாம் என்பது 2024-இல் உச்ச நீதிமன்றத்திலும் உறுதியானது. எனவே 'திறந்தநிலைச் சான்று செல்லாது' என்று இன்று யாரேனும் கூறினால், அது பழைய தகவல்.

பிளஸ் 2 மதிப்பெண்ணிலும் ஒரு வரம்பு உண்டு. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்துப் பொதுப் பிரிவினர் 50 சதவீதமும், பட்டியலினத்தவர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர் 40 சதவீதமும் பெற்றிருக்க வேண்டும்.

தகுதி பெறுவது தொடக்கம் மட்டுமே. நீட் தேர்வின் 180 வினாக்களில் 90 வினாக்கள் உயிரியலிலிருந்து வருகின்றன. அதாவது 720 மதிப்பெண்களில் 360. கணிதப் பிரிவு மாணவர் மற்ற இரு பாடங்களில் எவ்வளவு வலுவாக இருந்தாலும், தேர்வின் சரிபாதி அவருக்குப் புதியது. கேரள மேல்நிலைப் பள்ளிகளில் அறிவியல் பாடங்களுக்கு என்.சி.இ.ஆர்.டி. நூல்களே பயன்படுத்தப்படுவதால், அங்கு இயற்பியலும் வேதியியலும் படித்தவர்களுக்கு அந்தப் பாதியில் மட்டும் உழைத்தால் போதும் என்ற ஆறுதல் உண்டு.

இரு மாநில எல்லையில் எழும் சிக்கல்

நெய்யாற்றின்கரை வட்டத்தின் திருப்புறம், பாறசாலை போன்ற ஊர்களில் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்குப் பாடப் பிரிவைவிடப் பெரிய இடர் விண்ணப்பத்தில்தான் உள்ளது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளையைக் கடந்து பள்ளிக்குச் செல்வதும், உறவு கொள்வதும் இன்றும் இயல்பு. சேர்க்கை விதிகளோ இரண்டு மாநிலங்களுக்கும் வெவ்வேறு.

கேரளத்தில் மருத்துவ இடம் வேண்டுபவர் நீட் எழுதினால் மட்டும் போதாது. நுழைவுத் தேர்வு ஆணையர் நடத்தும் கீம் சேர்க்கைக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான கடைசி நாள் வழக்கமாக நீட் முடிவு வெளியாவதற்கு வெகு முன்பே முடிந்துவிடுகிறது. பொறியியலுக்கு மட்டுமே உரியது கீம் என்று கருதி விட்டுவிடுபவர்கள், நல்ல மதிப்பெண் பெற்ற பிறகும் மாநிலத் தரவரிசைப் பட்டியலில் இடம்பெற முடிவதில்லை. பிறப்பிடச் சான்று, சாதிச் சான்று ஆகியவற்றை முன்கூட்டியே பெற்றுவிடுவது நலம்.

தமிழகத்தில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அங்கேயே படித்தவர்களுக்கு நடைமுறை எளிது. இடையில் ஓரிரு ஆண்டுகள் கேரளப் பள்ளியில் படித்திருந்தாலும் தமிழகப் பிறப்பிடச் சான்று தேவைப்படும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் வழங்கப்படும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, அந்த ஏழு ஆண்டுகளையும் தமிழக அரசுப் பள்ளியில் பயின்றவர்களுக்கு உரியது. இரு மாநிலங்களிலும் பிறப்பிட உரிமை கோருவது விண்ணப்பத்தையே நிராகரிக்கச் செய்யும். அரசுக் கல்லூரிகளின் 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கு மட்டும் இந்த எல்லைக்கோடு கிடையாது.

வினாத்தாள் மொழியும் கவனிக்க வேண்டியது. நீட் வினாத்தாள் தமிழிலும் மலையாளத்திலும் உண்டு. ஆனால் தமிழ் வினாத்தாள் தமிழகம், புதுச்சேரி, அந்தமான் நிகோபார் மையங்களில் மட்டும் வழங்கப்படுகிறது. மலையாளம் கேரளத்திலும் லட்சத்தீவிலும் மட்டும். திருப்புறத்தில் வசிக்கும் மாணவி தமிழில் எழுத விரும்பினால், திருவனந்தபுரத்தை விடுத்து நாகர்கோவில் போன்ற தமிழக மையத்தைத் தேர்வு செய்ய வேண்டும். விண்ணப்பத்தில் மொழியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை முடிவு செய்தாக வேண்டும்.

வெளிநாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் மருத்துவம் பட்டத்துக்குப் பிந்தைய படிப்பு. இலக்கியமோ வரலாறோ படித்தவர்கள் தேவையான அறிவியல் பாடங்களை முடித்துவிட்டு விண்ணப்பிக்கின்றனர். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரி 1987-இல் இன்னும் ஒரு படி சென்று, கலைப் பாட மாணவர்களை மருத்துவ நுழைவுத் தேர்வின்றிச் சேர்க்கத் தொடங்கியது. அவர்கள் மற்ற மாணவர்களுக்கு இணையாகவே செயல்பட்டதாக அக்கல்லூரியின் ஆய்வு 2010-இல் தெரிவித்தது. பிரிட்டனில் வார்விக் உள்ளிட்ட சில பல்கலைக்கழகங்கள் எந்தத் துறைப் பட்டதாரியையும் நான்கு ஆண்டு மருத்துவப் படிப்பில் சேர்க்கின்றன.

இந்தியா திரும்பித் தொழில் செய்ய எண்ணுபவர்கள் இங்கு நிதானிக்க வேண்டும். வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் கொண்டதாகவும், அதே நிறுவனத்தில் 12 மாத உள்ளுறைப் பயிற்சி உடையதாகவும் இருக்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021-ஆம் ஆண்டு உரிம விதிமுறைகள் கூறுகின்றன. நான்கு ஆண்டு என்பது 48 மாதங்களே. வெளிநாடு செல்பவர்களுக்கும் நீட் தேர்ச்சி கட்டாயம் என்பதால், கட்டணம் செலுத்துவதற்கு முன் குறிப்பிட்ட கல்லூரியின் படிப்புக் காலத்தையும், அந்தப் பட்டம் இந்தியாவில் ஏற்கப்படுமா என்பதையும் ஆணையத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு அறிந்துகொள்ளலாம்.