இழையான கண்ணாடி

‘நூல்’ என்னும் சொல் பஞ்சிலிருந்து நூற்ற இழையையும், புலவர் இயற்றிய ஏட்டையும் ஒருங்கே குறிக்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் இவ்விரண்டையும் உவமையால் இணைத்துக் காட்டினார். நூற்பாலைகள் நிறைந்த வடமதுரை, வேடசந்தூர் வட்டாரத்தாருக்கு அவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. ஆனால், பருத்தியிழைக்கு வாய்த்த இப்பெருமை இதே மாவட்டத்து மண்ணில் புதைந்து கிடந்த மற்றோர் இழைத்தொழிலுக்கு வாய்க்கவில்லை. அது கண்ணாடியை இழையாக இழுக்கும் தொழில்.

‘இழை’ என்னும் சொல்லும் இருபொருள் உடையது. அது நூற்புரியைக் குறிக்கும், அணிகலனையும் குறிக்கும். ஆயிழை, சேயிழை என்று பழம்புலவர் பெண்டிரை அழைத்தது அவர்கள் பூண்ட அணி பற்றியே. இழுத்து நீட்டிய கண்ணாடியே நறுக்கப்பட்டு அணியாகிய வரலாற்றை அறிந்தோர்க்கு இச்சொல் புதுச்சுவை தரும்.

பழனிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் உள்ளது பொருந்தல். புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. இராசன் 2009, 2010ஆம் ஆண்டுகளில் அங்கு அகழாய்வு நடத்தினார். குடியிருப்பு மேட்டில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, வெள்ளை எனப் பல நிறக் கண்ணாடி மணிகள் மிகுதியாகக் கிடைத்தன. மணித்தொழில் நிகழ்ந்த இடம் அது என ஆய்வாளர் கருதினர். ஈமக்காட்டில் நெல் நிறைந்த தாழியும், தமிழி எழுத்துப் பொறித்த பிரிமனையும் கிடைத்தன. அந்நெல்லின் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. எழுத்தின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எழுதத் தெரிந்தவரும் கண்ணாடி செய்யத் தெரிந்தவரும் ஓரூரில் வாழ்ந்தனர் என்பதே இங்கு நோக்கத்தக்கது. எனினும் மணி செய்த முறையைப் படிப்படியாக விளக்கும் சங்க நூல் ஒன்றும் இல்லை.

அம்முறை எவ்வாறு அறியப்பட்டது? புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் மணிகளோடு கண்ணாடிக் குழல் துண்டுகளும் கழிவுகளும் கிடைத்தன. மணிகளை ஆராய்ந்த அமெரிக்கரான பீட்டர் பிரான்சிசு, ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் கைத்தொழிலாளர் அக்காலத்தும் செய்துவந்த வேலையை அவற்றோடு ஒப்பிட்டார். உருகிய கண்ணாடியை இரும்புக்கோலில் திரட்டி, நடுவே துளை அமைத்து, உலைக்கு வெளியே நின்று நீண்ட குழலாக இழுப்பர். ஆறிய குழலைச் சிறு துண்டுகளாக நறுக்கிச் சாம்பலோடு சேர்த்து மீண்டும் சூடேற்றினால் கூர்முனைகள் மழுங்கி மணியாகும். ஓரூரில் மரபு அறாது நின்றதால்தான் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய குப்பைக்குப் பொருள் விளங்கிற்று. அவ்வூரிலும் உலை அவிந்திருந்தால் அக்குழல் துண்டுகள் ஊமையாகவே கிடந்திருக்கும்.

கண்ணாடி இழையாவதற்கு அதன் இயல்பே காரணம். பனிக்கட்டி ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் சட்டென நீராகும். கண்ணாடியோ வெல்லப்பாகு போன்றது. சிறிது சிறிதாக இளகும், சிறிது சிறிதாக இறுகும். இடையே அதற்கும் ஒரு கம்பிப் பதம் உண்டு. அப்பதம் அறிந்து இழுப்பதே மணிகாரரின் வித்தை; இன்றைய ஆலையின் வித்தையும் அதுவே.

இங்கிலாந்தின் இயற்பியலார் சார்லசு வெர்னான் பாய்சு 1887இல் உருகிய படிகக்கல்லை அம்பொன்றில் ஒட்டிக் குறுக்குவில்லில் எய்து, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய இழை பெற்றார். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் எட்வர்டு லிப்பி, பட்டோடு கண்ணாடியிழை சேர்த்து நெய்த ஆடையைக் காட்சிக்கு வைத்தார். அது பார்வைக்கு அழகியது. ஆனால் மடித்தால் இழை முறியும். 1920ஆம் ஆண்டளவில் ஏ. ஏ. கிரிபித்து, இழை மெலிய மெலிய அதன் வலிமை பெருகுவதைக் கண்டறிந்தார். மிக மெல்லிய இழை, ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள கம்பியைவிடப் பரப்பளவுக்குப் பரப்பளவு ஏறத்தாழ 20 மடங்கு இழுவிசை தாங்கிற்று. கண்ணாடியை உடைப்பது அதன் மேற்பரப்பில் உள்ள நுண்கீறல். மெல்லிய இழையில் பெருங்கீறலுக்கு இடமில்லை.

ஆலைத் தொழில் 1930களில் அமெரிக்காவில் தோன்றியது. மணல், சுண்ணாம்புக்கல், அலுமினிய, போரான் சேர்மங்கள் ஆகியவற்றை 1400 பாகை செல்சியசு அளவிலோ அதற்கு மேலோ உருக்கி, நூற்றுக்கணக்கான நுண்துளைகள் கொண்ட பிளாட்டினக் கலவைத் தட்டின் வழியே ஒழுகவிடுவர். ஒழுகும் ஒவ்வொரு தாரையும் மிகு வேகத்தில் இழுக்கப்பட்டு, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு மெலிந்து, பசை பூசப்பட்டு உருளையில் சுற்றப்படும். நூற்பாலையில் குறும்பஞ்சிழைகள் முறுக்கேறி நூலாகின்றன. இங்கோ முறுக்கின்றி முடிவிலா ஓரிழை பிறக்கிறது. இவ்விழை எரியாது, மட்காது, மின்சாரத்தைக் கடத்தாது. பிசினோடு சேர்த்தால் மரத்துக்கும் இரும்புக்கும் மாற்றாகும்.

அம்மாற்றத்தைத் தமிழகக் கடற்கரை கண்டது. மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரம் தன் பெயரையே ஆங்கிலத்துக்கு ஈந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப்பின் துயர்துடைப்பாகக் கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவில் வழங்கப்பட்டன, கட்டுமரம் அருகிற்று. புதிய படகு பொறியின் விசையோடு விரைகிறது, உளுத்துப் போவதில்லை. ஆனால் உடைந்தபின் மண்ணோடு மண்ணாவதுமில்லை. அதனை அராவும் தொழிலாளரின் தோலில் நுண்தூள் அரிப்பை உண்டாக்குகிறது. கட்டை தேர்ந்து பிணைக்கும் கைவேலையும் மெல்ல மறைகிறது.

இழையின் மற்றொரு பயன் ஒளியைச் சுமப்பது. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இலண்டனில் ஹாப்கின்சோடு சேர்ந்து, வளைந்த கண்ணாடியிழைக் கற்றை வழியே உருவத்தைக் கடத்திக் காட்டி, 1954இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். முழு அக எதிரொளிப்பால் ஒளி இழையைவிட்டு வெளியேறாது செல்லும். மருத்துவர் உடலின் உள்ளே காணும் கருவிக்கு அது வழிவகுத்தது. ஆனால் அக்காலக் கண்ணாடியின் மாசு, ஒளியைச் சிறு தொலைவிலேயே விழுங்கிற்று. ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூறில் ஒரு பங்கு ஒளி எஞ்சினாலே செய்தித்தொடர்புக்குப் போதும் என 1966இல் சார்லசு காவ் கணித்தார். 1970இல் கார்னிங் நிறுவனத்தார் அதனை எட்டினர். இன்றைய இழையில் ஒரு கிலோமீட்டருக்குப்பின் ஏறத்தாழ 95 விழுக்காடு எஞ்சும். காவ் 2009இல் நோபல் பரிசு பெற்றார். கபானிக்கு அப்பரிசு கிட்டவில்லை. 2020இல் அவர் மறைந்தபின் 2021இல் பத்மவிபூசண் வழங்கப்பட்டது. சென்னைக் கரையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002இலும், அந்தமானுக்கு 2020இலும் கடலடியில் இவ்விழை சென்றது.

கடலடி வழியே சொல்லைச் சுமக்கும் அவ்விழையும், பொருந்தல் மேட்டில் கிடந்த மணியும் ஒரே கம்பிப் பதத்தில் பிறந்தவை. கபானியும் காவும் எழுதி வைத்தனர். ஆகவே அவர்கள் செயல் பெயரோடு நிற்கிறது. மணிகாரர் எழுதவில்லை, எழுதத் தெரிந்த அண்டையாரும் அவரிடம் கேட்டு எழுதவில்லை. வடமதுரைச் சுற்றுப்புறத்தில் இன்றும் கையறிவாக மட்டும் வாழும் தொழில்கள் உள்ளன. குயவரின் சூளை, தறியாளரின் பாவு, கொல்லரின் துருத்தி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிச்சொற்கள் உண்டு. தொழில் நின்றால் முதலில் மறைவது அச்சொற்களே. அவற்றைக் கேட்டு ஏட்டில் ஏற்றுவது சொல்லைத் தொழிலாகக் கொண்டோரின் கடன்.