மொண்டேகோ ஆற்றிலிருந்து தாமிரபரணிக் கழிமுகம் வரை

சென்ற வாரம் கொற்கையில் நின்றோம். தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலுக்குப் போகும் முன், போர்ச்சுகல் வரை போய்வர வேண்டியிருக்கிறது.

அங்கே மொண்டேகோ ஆற்றங்கரைக் குன்றின்மேல் இருக்கிறது கோயிம்ப்ரா நகரம். 1290-ல் லிஸ்பனில் தோன்றிய பல்கலைக்கழகம், இரு நகரங்களுக்கும் மாறி மாறிப் போய், 1537-ல் இங்கே நிலைத்தது. 2013-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கறுப்பு அங்கி போர்த்திய மாணவர்களையும் ஜுவானினா நூலகத்தையும் பார்க்கத்தான் பயணிகள் வருகிறார்கள். நெல்லைச் சீமைக்காரர் போனால் இன்னொருவரையும் அங்கே தேட வேண்டும். அவர் ஹென்றிக் ஹென்றிக்கஸ். நாம் அண்டிரிக் அடிகளார் என்று அறிந்தவர்.

1520-ல் பிறந்தவர். கோயிம்ப்ராவில் திருச்சபைச் சட்டம் படித்தார். யூத வம்சாவளி என்பதால் பிரான்சிஸ்கன் சபையை விட்டு வெளியேற நேர்ந்தது. 1545-ல் அதே ஊரில் இயேசு சபை அவரைச் சேர்த்துக்கொண்டது. மறு ஆண்டே கப்பலேறினார். 1547-ல் புன்னைக்காயல் இருக்கும் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1600-ல் இறக்கும்வரை தாயகம் திரும்பவே இல்லை.

அவர் வந்து இறங்கியபோதே அந்தக் கரையின் பரதவர்கள் கிறிஸ்தவத்தைத் தழுவிப் பத்தாண்டு கடந்திருந்தது. பாதிரிமார்களோ துபாஷிகளின் வாயை நம்பித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். சொன்னது ஒன்று, மக்கள் காதில் விழுந்தது வேறொன்று. இதைச் சகிக்காமல் அடிகளார் தமிழ் படிக்க உட்கார்ந்தார். லத்தீன் இலக்கணம் கற்ற முறையிலேயே வினைச்சொற்களையும் வேற்றுமைகளையும் பிரித்து எழுதினார். அந்தக் குறிப்புகளே இலக்கண நூலாயின. ஐரோப்பியர் எழுதி நமக்குக் கிடைத்த தமிழ் இலக்கணங்களில் மூத்தது அதுதான். கையெழுத்துப் படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

பிறகு அச்சு. 1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. பதினாறே பக்கம். இந்திய மொழி ஒன்று தன் சொந்த எழுத்தில் இந்தியாவில் அச்சேறிய முதல் புத்தகம் அது. செலவுக்குப் பணம் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். என்னைக் கேட்டால், அடிகளாரின் புலமைக்கு நிகராக வைத்துப் பேச வேண்டியது அந்தக் கொடையைத்தான். கடலில் மூச்சடக்கிச் சம்பாதித்த காசு தமிழ் எழுத்தை ஈயத்தில் வார்க்க உதவியது. மறு ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்', 1586-ல் 'அடியார் வரலாறு' என்று வேலை தொடர்ந்தது.

இன்னொரு கனவும் அவருக்கு இருந்தது. மன்னாரிலோ புன்னைக்காயலிலோ தமிழுக்கென்று ஒரு பல்கலைக்கழகம்! தான் படித்த நகரம் அவர் மனத்தில் இருந்திருக்க வேண்டும். அது கைகூடவில்லை.

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெருமையோடு சொல்கிறோம். அந்தப் பெருமையின் கதையை 19-ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்குவது போதாது; அடிகளாரின் இந்தக் கனவிலிருந்து தொடங்க வேண்டும். பாளைக் கல்லூரிகளின் ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களை ஒருமுறையேனும் ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயலுக்கு அழைத்துப் போக வேண்டும்.