டீச்சர், இந்தப் பையனிடம் பேப்பர் இருக்கிறதா?

ஒரு நிமிடம் நீங்கள் ஆசிரியராக இருங்கள். ஊர், லாஸ் ஏஞ்சலீஸ். வருடம் 1994. உங்கள் இரண்டாம் வகுப்பில் ஒரு பையன். வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவன், கணக்கில் புலி. அவனும் அவனுடைய அப்பா அம்மாவும் விசா இல்லாமல் மெக்சிகோ எல்லையைத் தாண்டி வந்தவர்களோ என்று ஒரு சந்தேகம். அப்படியானால் உங்கள் பள்ளிக்கூடம் அவனைப் பற்றி அரசாங்கத்துக்கு எழுதிப் போடவேண்டும். அப்புறம் அவன் பள்ளிக்கு வரக்கூடாது. எழுதுவீர்களா?

கற்பனை இல்லை. அந்த வருடம் நவம்பர் 8-ம் தேதி கலிபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய சட்டம் இது. பெயர், ப்ரபோசிஷன் 187. சட்டசபை கொண்டு வந்ததல்ல. அங்கே போதுமான கையெழுத்து திரட்டினால், ஒரு சட்டத்தை நேரடியாக மக்கள் ஓட்டுக்கே விட்டுவிடலாம்.

சட்டம் சொன்னது இதுதான். அனுமதியில்லாமல் குடியேறியவர்களுக்கு அரசுப் பள்ளி கிடையாது. அவசரச் சிகிச்சை தவிர அரசாங்க வைத்தியம் கிடையாது. நலத்திட்ட உதவிகள் கிடையாது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் போலீஸும் சந்தேகப்பட்டால் தகவல் கொடுக்கவேண்டும்.

ஏன் இத்தனை கோபம்? பனிப்போர் முடிந்துவிட்டது. போர் விமானமும் ஏவுகணையும் செய்துகொண்டிருந்த கலிபோர்னியா கம்பெனிகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. மாநில கஜானா காலி. மறுபடி தேர்தலில் நின்ற கவர்னர் பீட் வில்சன், கருத்துக்கணிப்புகளில் ரொம்பப் பின்னால் இருந்தார். அவருடைய டி.வி. விளம்பரத்தில் ஒரு கூட்டம் எல்லைச் சாவடியைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஓடியது. பின்னணியில் ஒரு குரல்: 'வந்துகொண்டே இருக்கிறார்கள்.'

அவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது, மறுக்கவேண்டாம். எல்லையைக் காப்பது வாஷிங்டன் வேலை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிச் செலவு மாநிலத்தின் தலையில். விருந்தாளியை உள்ளே விடுவது ஒருவர், இலை போடுகிற செலவு இன்னொருவருக்கு! வில்சன் மத்திய அரசு மேல் வழக்கே போட்டார், பணம் கொடு என்று.

ஆனால் இதே வில்சன், எண்பதுகளில் செனட்டராக இருந்தபோது என்ன செய்தார்? பண்ணை முதலாளிகளுக்கு வெளிநாட்டுக் கூலியாட்கள் தாராளமாகக் கிடைக்கவேண்டும் என்று செனட்டில் போராடினார். திராட்சையும் ஸ்ட்ராபெர்ரியும் பறிக்கக் கை வேண்டும். அந்தக் கைகளுக்குப் பிள்ளைகள் இருந்தால் மட்டும் ஆகாது.

அக்டோபரில் லாஸ் ஏஞ்சலீஸில் சுமார் 70,000 பேர் ஊர்வலம் போனார்கள். மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். பலனில்லை. சட்டத்துக்கு ஆதரவாக 59 சதவிகித ஓட்டு. வில்சனும் ஜெயித்தார்.

சில நாட்களில் கோர்ட் தடை போட்டுவிட்டது. காரணம், ஒரு பழைய தீர்ப்பு. 1975-ல் டெக்சாஸ் இதேபோல ஒரு சட்டம் போட்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு டைலர் என்ற ஊரில், பேப்பர் இல்லாத பிள்ளைக்கு வருடத்துக்கு 1,000 டாலர் ஃபீஸ் என்றார்கள். 1982-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்தது. அப்பா அம்மா செய்த தப்புக்குக் குழந்தையைத் தண்டிக்காதே என்பது சாரம். ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர்தான் அப்படிச் சொன்னார்கள். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம்!

1997-ல் நீதிபதி மரியானா ஃபேல்ஸர், குடியேற்றம் மத்திய அரசின் விஷயம், மாநிலம் தனியாகச் சட்டம் போட முடியாது என்று முடித்துவைத்தார். 1999-ல் அடுத்த கவர்னர் கிரே டேவிஸ் மேல்முறையீட்டைக் கைவிட்டார். 187-ன் முக்கியமான பிரிவுகள் ஒருநாள்கூட அமலுக்கு வரவில்லை.

கதை அதோடு முடியவில்லை. 1986-ல் ரீகன் ஒரு மன்னிப்புச் சட்டம் கொண்டுவந்திருந்தார். சுமார் 27 லட்சம் பேருக்கு அதில் பேப்பர் கிடைத்தது. ஏறத்தாழ பாதிப்பேர் கலிபோர்னியாக்காரர்கள். முதலில் தாற்காலிக அனுமதி, பிறகு நிரந்தரம், அதற்கு ஐந்து வருடம் கழித்துக் குடியுரிமை. ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி அது முதிர்ந்த சமயம் எது தெரியுமா? மிகச்சரியாக 1994-ஐ ஒட்டி! பயந்தவர்கள் வரிசையில் நின்று குடிமக்கள் ஆனார்கள். ஓட்டுரிமை வாங்கினார்கள். யார் பேரில் அந்த விளம்பரம் என்பதை அவர்கள் மறக்கவில்லை. 2006-க்குப் பிறகு 2024 வரை, மாநிலம் முழுவதும் ஓட்டுப்போடும் எந்தப் பதவிக்கும் வில்சனின் குடியரசுக் கட்சி அங்கே ஜெயிக்கவில்லை. இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் இதை விட்டுவிட்டுக் காரணம் சொல்லவும் முடியாது.

1994 அக்டோபரில் வாஷிங்டனும் தன் பங்குக்குச் சான்டியாகோ எல்லையில் வேலியும் காவலும் பெருக்கியது. ஆட்கள் நிற்கவில்லை, வழியை மாற்றினார்கள். அரிசோனா பாலைவனம் வழியாக. தாகத்தில் செத்தவர்கள் ஏராளம். பிறகு அரிசோனாவில் அதே கோபம். 2010-ல், சந்தேகப்பட்டால் போலீஸ் பேப்பர் கேட்கலாம் என்று அங்கே சட்டம். 2012-ல் உச்ச நீதிமன்றம் அதில் விசாரித்த நான்கு பிரிவுகளில் மூன்றை அடித்துவிட்டு, பேப்பர் கேட்பதை மட்டும் விட்டுவைத்தது. 2023-ல் டெக்சாஸ் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டது. ஒவ்வொரு தடவையும் ஓட்டுக்கு அதே விளம்பரம், கோர்ட்டில் அதே கேள்வி.

ஒரு சமையல்காரருக்கும் வீட்டு வேலை செய்த அம்மாவுக்கும் பிறந்த அலெக்ஸ் படியா என்ற இளைஞர் 1994-ல் எம்.ஐ.டி.யில் இன்ஜினீயரிங் முடித்து ஊர் திரும்பினார். பெற்றோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். அந்த விளம்பரங்களைப் பார்த்துத்தான் அரசியலுக்கு வந்ததாகச் சொல்லியிருக்கிறார். 2021-ல் கலிபோர்னியாவின் செனட்டர் ஆனார்.

நம் இரண்டாம் வகுப்புப் பையனுக்கு இப்போது நாற்பது வயது நெருங்கியிருக்கும். கோர்ட்டில் ஒரு ஓட்டு மாறியிருந்தால் அவன் படிப்பு அந்த வருடமே முடிந்திருக்கும்.