கம்பனியின் உடையவரும் ஆள்பவரும்

யாழ்ப்பாணக் கோட்டையை 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது ஒரு வணிகக் கம்பனி என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். 1602இல் ஒல்லாந்த அரசு அளித்த பட்டயமே அதற்கு உயிர். அதுவும் முதலில் 21 ஆண்டுக்கே அளிக்கப்பட்டது. அதன் இயக்குநர் கணக்குக் காட்டவில்லையென 1622இலேயே பங்குதாரர் முறையிட்டனர்.

பிரித்தானியப் பாராளுமன்றம் 1844இல் இயற்றிய சட்டத்தின்பின், தனிப்பட்டயமின்றிப் பதிவினாலேயே கம்பனி அமைக்கலாயிற்று. எனினும், கம்பனியின் கடனுக்குப் பங்குதாரர் தம் வீடுவாசலையும் இழக்க நேரிடும். இட்ட முதலுக்கு மேற் பொறுப்பில்லையென விதித்தது 1855ஆம் ஆண்டுச் சட்டமே. இதன் அருமையை அறிய, பழைய முறையிலேயே நின்று 1878இல் முறிந்த கிளாசுக்கோ நகர வங்கியை நோக்குதல் வேண்டும். 100 பவுண் பங்குக்கு முதலில் 500 பவுணும் பின்னர் 2,250 பவுணும் கேட்கப்பட்டன. பிறர்பொருட்டுப் பங்கை ஏற்றிருந்த நம்பிக்கைப் பொறுப்பாளரும் தப்பினாரல்லர்.

இவ்வச்சம் நீங்கவே, கம்பனியை முன்பின் அறியாதோரும் பங்கு வாங்கினர். பங்குகள் பலர் கையிற் சிதறச் சிதற, ஆட்சி முகாமையாளரைச் சேர்ந்தது. பேர்லி, மீன்சு என்னும் அறிஞரிருவர் ஐக்கிய அமெரிக்காவின் மிகப் பெரிய 200 கம்பனிகளை ஆராய்ந்து 1932இல் வெளியிட்ட நூலில், அவற்றுள் நூற்றுக்கு 44 முகாமையாளர் கட்டுப்பாட்டில் இருந்தமையைக் காட்டினர். இன்றோ பங்குகளிற் பெரும்பகுதி ஓய்வூதிய நிதி முதலிய நிறுவனங்களிடம் உள்ளது. அந்நிதிக்குப் பணஞ் செலுத்தும் தொழிலாளி, தன் பணம் எக்கம்பனியில் இடப்பட்டுள்ளதென்பதையும் பெரும்பாலும் அறியான். ஆண்டுக் கூட்டத்தில் அப்பங்குக்குரிய வாக்கை அளிப்பவர் பிறரே.