பருத்திக்காட்டிலிருந்து வந்த பிரதிநிதி

ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்த சிகாகோவின் தெருக்களில் போலீஸ் தடி சுழன்றது 1968 ஆகஸ்டில். அந்தக் கட்சியின் பழைய ஏற்பாட்டில் முதல் விரிசல் விழுந்ததோ அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, நியூ ஜெர்சியின் கடற்கரை ஊரான அட்லான்டிக் சிட்டியில். அந்த விரிசலைப் பார்க்காமல் சிகாகோவுக்குள் போனால், அங்கே நடந்தது வெறும் கலவரமாகத்தான் தெரியும்.

1964 ஆகஸ்ட் 22, சனிக்கிழமை. கட்சியின் தேசிய மாநாடு தொடங்க இன்னும் இரண்டு நாள். எந்த மாநிலத்துக்கு எந்தப் பிரதிநிதிகள் உட்கார உரிமை உள்ளவர்கள் என்று விசாரிக்கும் தகுதிக் குழு கூடியிருக்கிறது. தொலைக்காட்சி கேமராக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மிசிசிப்பியிலிருந்து வந்த 46 வயதுக் கறுப்பினப் பெண் ஒருவர் மேசைமுன் வந்து உட்கார்கிறார். போலியோவால் சற்றே தாங்கி நடப்பவர். கையில் எழுதிய தாள் எதுவும் இல்லை. பெயர் ஃபேனி லூ ஹேமர். ஊரையும் மாவட்டத்தையும் சொல்லும்போதே, அது செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்டின் மாவட்டம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். கறுப்பினத்தவரின் உரிமைச் சட்டங்களை வாஷிங்டனில் ஆண்டுக்கணக்கில் முடக்கிவைத்த அதே ஈஸ்ட்லண்ட், அதே சன்ஃபிளவர் மாவட்டத்தில் பெரும் பருத்தித் தோட்டக்காரர்.

ஹேமர் பேசியது எட்டு நிமிடம் போலத்தான். அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறை என்ற ஒன்று இன்று இருக்கும் உருவத்தில் இருப்பதற்கு அந்த எட்டு நிமிடமும் ஒரு காரணம்.

வேட்பாளரை முடிவு செய்வது மாநாட்டில் கூடும் பிரதிநிதிகளின் வாக்கு. பாதிக்குமேல் வாக்குகளைப் பெறுபவர் வேட்பாளர். இது எல்லோரும் அறிந்தது. அந்தப் பிரதிநிதியை அனுப்புவது யார் என்ற இடத்தில்தான் அரசியல் முழுவதும் ஒளிந்திருக்கிறது. 1964இல் பெரும்பாலான மாநிலங்களில் வாக்காளர்களே வாக்களிக்கும் பிரைமரி தேர்தலே கிடையாது. வட்டாரக் கூட்டம், அங்கிருந்து மாவட்டக் கூட்டம், அங்கிருந்து மாநில மாநாடு என்று படிப்படியாக ஏறிப் பிரதிநிதிகள் வருவார்கள். காகிதத்தில் பார்த்தால் அழகான ஏணி. ஆனால் அடிப்படிக் கூட்டம் எங்கே, எப்போது என்பது கட்சிக்காரர்களுக்கு மட்டுமே தெரியும்.

மிசிசிப்பியில் அந்த முதல் படியிலேயே கதவு சாத்தப்பட்டிருந்தது. மாநில மக்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 42 பேர் கறுப்பினத்தவர். வயதும் தகுதியும் வந்த கறுப்பினத்தவரில் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. 1964 ஜூனில் வட்டாரக் கூட்டங்களுக்குப் போன கறுப்பின மக்கள் பல ஊர்களில் உள்ளே விடப்படவில்லை. சில இடங்களில் கூட்டம் நடப்பதாகச் சொல்லப்பட்ட கட்டடம் பூட்டிக் கிடந்தது. அதற்குள் ஏப்ரலிலேயே ஜாக்சன் நகரில் அவர்கள் தங்களுக்கென ஒரு கட்சியைத் தொடங்கியிருந்தார்கள்: மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி. வெள்ளையர் கையிலிருந்த மாநில ஜனநாயகக் கட்சி, அதாவது அதிகாரக் கட்சி, எந்த விதிகளை மீறியதோ, அதே விதிகளின்படி வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று கூட்டங்கள் நடத்தினார்கள். எவரும் வரலாம், நிறத்தடை இல்லை. ஆகஸ்ட் 6 அன்று ஜாக்சனில் நடந்த மாநில மாநாட்டில் உரிமைப் போராளி எல்லா பேக்கர் பேசினார். 68 பிரதிநிதிகள் தேர்வானார்கள். நான்கு பேர் வெள்ளையர், மற்றவர்கள் கறுப்பினத்தவர். ஆரன் ஹென்றி தலைவர், ஹேமர் துணைத்தலைவர்.

அந்த மாநாட்டுக்கு இரண்டு நாள் முன்புதான் ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வேர்னர் ஆகிய மூன்று இளைஞர்களின் உடல்கள் மண் அணை ஒன்றின் அடியிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டிருந்தன. ஜூன் 21 அன்று காணாமல் போனவர்கள். வாக்காளர் பதிவு இயக்கத்தில் இருந்ததற்காகக் கொல்லப்பட்டவர்கள்.

இனி ஹேமரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். சிகாகோ காத்திருக்கட்டும்.

1917இல் பிறந்தவர். வாரத்துக்கு நிலம் பயிரிட்ட ஏழைக் குடும்பத்தின் இருபதாவது குழந்தை. ஆறு வயதில் பருத்தி எடுக்கப் போனார். விளைச்சலில் பங்கு என்பார்கள். விதைக்கும் உரத்துக்கும் கடையில் வாங்கிய சாமானுக்கும் முதலாளி பற்று எழுதிக் கழித்தபின் ஆண்டுக் கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் கடன்தான். ரூல்வில் ஊருக்கு அருகே ஒரு தோட்டத்தில் கணவரோடு வேலை பார்த்தார். எழுதப் படிக்கத் தெரிந்ததால் ஆட்களின் வேலை நேரத்தையும் எடுத்த பருத்தியின் எடையையும் குறிக்கும் கணக்குவேலை அவருக்குக் கிடைத்தது. 1961இல் ஒரு கட்டியை அகற்ற மருத்துவமனைக்குப் போனவருக்கு, அவர் சம்மதம் கேட்காமலே கருப்பையையும் எடுத்துவிட்டார்கள். அந்த நாளில் மிசிசிப்பியின் ஏழைக் கறுப்பினப் பெண்கள் பலருக்கு நடந்த கொடுமை இது.

கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை உண்டு என்பதே அவருக்குத் தெரிந்தது 44ஆம் வயதில், ஊர்த் தேவாலயத்தில் மாணவர் இயக்கத்தினர் நடத்திய கூட்டத்தில். 1962 ஆகஸ்ட் 31 அன்று 18 பேர் ஒரு பழைய பஸ்ஸில் ஏறி மாவட்டத் தலைநகரான இண்டியனோலாவுக்குப் பெயர் பதியப் போனார்கள். அங்கே தேர்வு. மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைக் கொடுத்துப் பார்த்து எழுதச் சொல்வார்கள்; பிறகு அதற்கு விளக்கமும் எழுத வேண்டும். விளக்கம் சரியா தவறா என்று முடிவு செய்பவர் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரே. ஹேமருக்கு வந்த பிரிவு ஏதோ நடைமுறைச் சட்டம் பற்றியது. கிறிஸ்துமஸைப் பற்றிக் குதிரைக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தனக்கும் அதைப்பற்றித் தெரிந்திருந்தது என்று பின்னாளில் அவர் மேடைகளில் சொல்வார்.

திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை மறித்தது. ஓட்டுநர் மேல் குற்றச்சாட்டு: பஸ்ஸின் நிறம் சரியில்லை. அளவுக்கு மீறி மஞ்சளாக இருக்கிறதாம். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் நடுங்கிப்போனார்கள். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் தேவாலயப் பாட்டொன்றை எடுத்தது. அது ஹேமருடைய குரல்.

வீடு போய்ச் சேருமுன்பே செய்தி தோட்டத்துக்குப் போய்விட்டது. பதிவு விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கு, இல்லாவிட்டால் தோட்டத்தை விட்டுப் போ என்றார் முதலாளி. உங்களுக்காகவா நான் பதியப் போனேன், எனக்காகத்தானே போனேன் என்பது ஹேமரின் பதில். 18 ஆண்டுகள் உழைத்த இடத்தை அன்றிரவே விட்டு வெளியேறினார். அறுவடை முடியும்வரை கணவர் அங்கேயே இருக்கவேண்டும் என்று கட்டளை. பத்து நாள் கழித்து, ஹேமர் அடைக்கலம் புகுந்திருந்த வீட்டின்மீது பதினாறு குண்டுகள் பாய்ந்தன. அன்று அவர் அங்கே இல்லை.

1963 ஜூன் 9. பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போய்த் திரும்பும்போது வினோனா என்ற ஊரில் பஸ் நின்றது. உடன் வந்த சிலர் பஸ் நிலைய உணவகத்துக்குள் போனதற்காகக் கைது நடந்தது. சிறையில் ஹேமரைக் குப்புறப் படுக்கவைத்து, இரண்டு கறுப்பினக் கைதிகளின் கையில் தோல் தடியைக் கொடுத்து, ஒருவன் களைத்ததும் மற்றவன் என்று மாறி மாறி அடிக்கச் செய்தார்கள் காவலர்கள். ஒடுக்கப்பட்டவன் கையாலேயே ஒடுக்கப்பட்டவளை அடிக்கவைத்த அந்தக் கயமையை எந்தச் சொல்லால் எழுதினாலும் போதாது. அவருடைய சிறுநீரகம் பழுதானது. கண்ணிலும் நிரந்தரப் பாதிப்பு. அவர்கள் சிறையில் இருந்தபோதுதான் ஜாக்சனில் உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். வினோனா காவலர்கள்மேல் நடந்த வழக்கில் வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று விட்டுவிட்டது.

இண்டியனோலா பயணத்திலிருந்து வினோனா சிறைவரை நடந்ததைத்தான் அட்லான்டிக் சிட்டி மேசைமுன் உட்கார்ந்து, தேதியும் ஊரும் சொல்லிச் சொன்னார் ஹேமர். தன் கட்சிப் பிரதிநிதிகளை உட்கார விடாவிட்டால் இந்த நாட்டையே தான் கேள்வி கேட்பதாகச் சொல்லி முடித்தார்.

அப்போது வெள்ளை மாளிகையில் லிண்டன் ஜான்சன் தவித்துக்கொண்டிருந்தார். போட்டி வேட்பாளரே இல்லாத மாநாடு அது. ஆனாலும் மிசிசிப்பியின் கறுப்பினத்தவர் உட்கார்ந்தால் தென்மாநிலங்கள் எழுந்து போகும் என்ற பயம் அவரை ஆட்டியது. டெக்சஸ் ஆளுநர் ஜான் கானலி அப்படித்தான் எச்சரித்தார். ஹேமர் பேசிக்கொண்டிருக்கையிலேயே ஜான்சன் திடீரென்று செய்தியாளர்முன் தோன்றினார். கேமராக்கள் அங்கே திரும்பின. அவர் சொன்னதில் செய்தி என்று எதுவும் இருக்கவில்லை. ஆனால் தொலைக்காட்சி நிறுவனங்கள் அன்றிரவே ஹேமரின் பேச்சை மறுபடி ஒளிபரப்பின. பகலைவிட இரவில் பார்த்தவர்கள் அதிகம். வெள்ளை மாளிகைக்குத் தந்திகள் குவிந்தன.

ஜூலை 2 அன்று சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்ட அதே ஜான்சன்தான் இவர். அந்தக் கையெழுத்துக்குரிய பெருமையை வரலாறு அவருக்குக் கொடுத்திருக்கிறது, கொடுக்கவும் வேண்டும். ஆனால் அந்த ஆகஸ்டில் அவர் செய்தது சிறுமை. எஃப்.பி.ஐ. ஆட்களை அட்லான்டிக் சிட்டிக்கு அனுப்பி, மார்ட்டின் லூதர் கிங்கின் அறைத் தொலைபேசியையும் மாணவர் இயக்க அலுவலகத்தின் தொலைபேசியையும் ஒட்டுக்கேட்க வைத்தார். இது பின்னாளில் செனட் விசாரணையில் அம்பலமானது.

சுதந்திரக் கட்சியின் வழக்கறிஞர் ஜோசப் ராவ் ஒரு கணக்கு வைத்திருந்தார்: பதினொன்றும் எட்டும். தகுதிக் குழுவில் பதினொரு பேர் கையெழுத்திட்டால் சிறுபான்மை அறிக்கை மாநாட்டு மன்றத்துக்குப் போகும். எட்டு மாநிலங்கள் கேட்டால் பெயர் கூப்பிட்டு வாக்கெடுப்பு நடத்தியே ஆகவேண்டும். தொலைக்காட்சியில் நாடே பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு மாநிலமும் வாய்திறந்து பதில் சொல்லவேண்டிய நிலை. ஜான்சன் தடுக்க விரும்பியது இதைத்தான். அந்தப் பதினொரு கையெழுத்தைக் கலைக்கும் வேலை தொடங்கியது. பதவி காட்டி மிரட்டினார்கள், வேலை காட்டி மிரட்டினார்கள், ஒவ்வொருவராகக் கழன்றார்கள்.

சமரசம் பேசும் பொறுப்பு ஹியூபர்ட் ஹம்ஃப்ரியிடம் வந்தது. துணை அதிபர் வேட்பாளர் பதவி அவர் கண்முன் தொங்கிக்கொண்டிருந்த நேரம். 1948 மாநாட்டில் சிவில் உரிமைகளுக்காக முழங்கி, மிசிசிப்பிப் பிரதிநிதிகளை வெளிநடப்புச் செய்யவைத்த இளைஞர் இந்த ஹம்ஃப்ரி. அவரிடம் ஹேமர் நேராகவே கேட்டார்: மிசிசிப்பியின் நாலு லட்சம் கறுப்பினத்தவரின் உயிரைவிடவா உங்களுக்கு இந்தப் பதவி பெரிது? அதன்பிறகு பேச்சுவார்த்தை அறைக்குள் அவரை யாரும் கூப்பிடவில்லை.

கடைசியில் வந்த ஏற்பாடு இது. அதிகாரக் கட்சிக்காரர்கள் கட்சியின் வேட்பாளரை ஆதரிப்போம் என்று விசுவாச உறுதிமொழி எடுத்தால் உட்காரலாம். சுதந்திரக் கட்சிக்கு இரண்டு பொதுப் பிரதிநிதி இடங்கள். அந்த இருவர் ஆரன் ஹென்றியும், வெள்ளைக்காரப் பாதிரியார் எட்வின் கிங்கும். அடுத்த மாநாட்டிலிருந்து நிறபேதம் காட்டித் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளுக்கு இடமில்லை. அந்த இருவர் யார் என்பதைக்கூட மேலே இருந்தவர்களே குறித்துவிட்டார்கள். 68 பேரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹம்ஃப்ரியின் அறையில் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, ஏற்பாடு நிறைவேறிவிட்டதாகத் தொலைக்காட்சியில் தகுதிக் குழுவின் துணைக்குழுத் தலைவர் வால்டர் மாண்டேல் அறிவித்தார். மாணவர் இயக்கத்தின் பாப் மோசஸ் கொதித்தெழுந்து வெளியேறினார்.

தேவாலயத்தில் பிரதிநிதிகள் கூடி விவாதித்தார்கள். ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பெரிய தலைவர்கள் பலர் எடுத்துச் சொன்னார்கள். களைத்துப்போன நாங்கள் இவ்வளவு தூரம் வந்தது இரண்டு நாற்காலிக்காக இல்லை என்றார் ஹேமர். விக்டோரியா கிரேயும் ஆனி டிவைனும் அவர் பக்கம். ஏற்பாடு நிராகரிக்கப்பட்டது. உலகம் தெரியாதவர்கள், அரசியல் தெரியாதவர்கள் என்று அன்று இவர்களைப் பத்திரிகைகள் பேசின. அரசியலை அன்று அந்த ஊரில் சரியாகப் புரிந்துகொண்டிருந்தவர்கள் இவர்களே. தன் பிரதிநிதியைத் தானே தேர்ந்தெடுக்க முடியாத கூட்டத்துக்கு இரண்டு இடம் கொடுத்தால் என்ன, இருபது கொடுத்தால் என்ன?

உறுதிமொழி எடுக்க மறுத்து, ஒரு சிலரைத் தவிர மிசிசிப்பியின் அதிகாரக் கட்சிக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். வேறு மாநிலப் பிரதிநிதிகளிடம் நுழைவுச் சீட்டை இரவல் வாங்கி உள்ளே போய், காலியாகக் கிடந்த அந்த இடங்களில் சுதந்திரக் கட்சியினர் உட்கார்ந்தார்கள். மறுநாள் வந்து பார்த்தால் நாற்காலிகளையே எடுத்துவிட்டிருந்தார்கள். நின்றபடி பாடினார்கள். நவம்பரில் மிசிசிப்பியின் வாக்குகளில் நூற்றுக்கு 87 குடியரசுக் கட்சியின் பாரி கோல்ட்வாட்டருக்குப் போனது. ஜான்சன் யாருக்காக இவ்வளவும் செய்தாரோ, அவர்கள் அவருக்குக் கொடுத்த கைம்மாறு அது.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு கண்ணி உண்டு. திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், 2024 மாநாட்டில் அதிபர் வேட்பாளராக ஏற்புரை வழங்கியது ஆகஸ்ட் 22 அன்று. ஹேமரின் சாட்சியத்துக்குச் சரியாக அறுபது ஆண்டு. அதிபர் பைடன் போட்டியிலிருந்து விலகியபின் அவருக்கென்று தேர்வாகியிருந்த ஏறக்குறைய 3,900 பிரதிநிதிகளை எந்தச் சட்டமும் இன்னொருவருக்குக் கட்டிவைக்கவில்லை. தங்கள் வாக்கை அவர்களே முடிவு செய்து கமலாவுக்குக் கொடுத்தார்கள்.

இனி 1968. அட்லான்டிக் சிட்டியில் கொடுத்த வாக்குறுதியின்படி மிசிசிப்பியின் அதிகாரக் கட்சிக்குச் சிகாகோவில் கதவு சாத்தப்பட்டது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் கலந்த மாற்று அணிக்கு இடம் கிடைத்தது. அதில் ஒருவராக ஹேமர் உள்ளே வந்தபோது மன்றமே எழுந்து நின்று கைதட்டியது. அதே மன்றம், ஒரே ஒரு பிரைமரியில்கூட நிற்காத ஹம்ஃப்ரியை வேட்பாளராக்கியது. போட்டியிட்ட செனட்டர் மெக்கார்த்திக்கும் மறைந்த ராபர்ட் கென்னடிக்கும் பிரைமரிகளில் விழுந்த வாக்குகள் மாநிலத் தலைவர்கள் கையில் வைத்திருந்த பிரதிநிதிகள் முன்னால் நிற்கவில்லை. 1968 பிறப்பதற்கு முன்பே பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலானவர்கள் தேர்வாகி முடிந்திருந்தார்கள். அதைக் கண்டு எழுதிய, கட்சியின் சீர்திருத்தக் குழுவான மெக்கவர்ன் குழு, 1972இல் சிகாகோ மேயர் டேலியின் 59 பிரதிநிதிகளையே மன்றத்துக்கு வெளியே நிறுத்தும் விதிகளை எப்படி எழுதியது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)