கை நின்ற இடம்: மலையகத் தோட்டங்களில் உள்ளுணர்வும் அச்சமும்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 'உள்ளுணர்வு' என்ற சொல்லை யாரும் பேச்சில் எடுப்பதில்லை. "மனசுல பட்டுச்சு" என்பார்கள்; அல்லது "மனசு அடிச்சிக்குது" என்பார்கள். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் சொல்லப்படும் விதம் வேறு. "அந்த மரத்தடியில என்னமோ சரியில்லனு மனசுல பட்டுச்சு" என்பவருக்கு மரம் எதுவென்று தெரியும். "காலையிலேருந்து மனசு அடிச்சிக்குது" என்பவரிடம் எதை நினைத்து என்று கேட்டால் பதில் வராது. முன்னது ஒரு பொருளைச் சுட்டுகிறது, பின்னது சுட்டுவதில்லை. உள்ளுணர்வையும் அச்சத்தையும் பிரித்தறிய இந்தச் சுட்டு நல்ல தொடக்கம். ஆனால் அது போதாது என்பதே என் வாதம். ஓர் உணர்வு எங்கே, எத்தனை முறை, எந்த விளைவைக் கண்டு பழகியது என்று கேட்காமல் அதை நம்பவும் கூடாது, தள்ளவும் கூடாது.

பொகவந்தலாவைப் பக்கத்து மலையொன்றில் நான் நின்றிருந்த ஒரு காலை நினைவுக்கு வருகிறது. கொழுந்து பறிப்போர் நிரையில் மூன்றாவதாக நின்ற பெண்ணின் இரு கைகளும் கொழுந்தின்மேல் ஓடிக்கொண்டிருந்தன. திடீரென வலக்கை மட்டும் நின்றது. பறித்த கொழுந்து விரல்களுக்குள் இருந்தபடியே அவர் தலையைச் சற்றுச் சாய்த்தார். பக்கத்திலிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பிறகுதான் எனக்குக் கேட்டது: மேலே கற்பாறைப் பக்கமிருந்து வந்த இரைச்சல் சற்றுத் தடித்திருந்தது. "குளவி" என்று தணிந்த குரலில் ஒரு சொல்; நிரை முழுவதும் ஓசையின்றிக் கீழே இறங்கியது. ஏன் கை நின்றது என்று பின்னர் கேட்டபோது அவரால் முதலில் சொல்ல முடியவில்லை. யோசித்துவிட்டு, ஒரே குளவி தன் முக்காட்டை இரண்டு தரம் சுற்றிப் போனதைச் சொன்னார். கைக்குத் தெரிந்த காரணம் வாய்க்கு வந்துசேர அவ்வளவு நேரம் பிடித்தது.

இத்தகைய உணர்வை எப்போது நம்பலாம் என்ற கேள்வியில் எதிரெதிர் நிலையில் நின்ற உளவியலாளர் இருவர், டேனியல் கானமனும் கேரி கிளைனும், 2009இல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். கிளைன் தீயணைப்புத் தலைவர்களின் உள்ளுணர்வை வியந்தவர். கானமன் நிபுணர்களின் தன்னம்பிக்கையை ஐயுற்றவர். அவர்கள் ஒத்துக்கொண்டவை இரண்டு நிபந்தனைகள்: சூழலில் நிலையான ஒழுங்கு இருக்க வேண்டும், அந்த ஒழுங்கைப் பழகிக் கற்கப் போதிய வாய்ப்பும், சரியா பிழையா என்று உடனே தெரியும் வழியும் இருக்க வேண்டும். உணர்வின் உறுதி அதன் உண்மைக்குச் சான்றல்ல என்பதையும் இருவரும் ஏற்றார்கள். குளவி விஷயத்தில் இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறுகின்றன. கூடு கலைவதற்கு அறிகுறிகள் உண்டு. தவறாகக் கணித்தால் அடுத்த நிமிடமே உடம்பில் தெரியும். அந்தப் பெண்ணின் கை நின்றது அறிவினால்.

மண்சரிவுக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள், தொழிலாளரின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அவ்வளவு ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவர்களின் உடம்பு எதைக் கற்றிருக்கும்? ஒவ்வொரு மழைக்காலத்திலும் மலை நின்றது. "நமக்கு ஒண்ணும் ஆகாது" என்ற நிம்மதி ஒவ்வோர் ஆண்டும் மெய்யாகிக்கொண்டே வந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை வரக்கூடிய சரிவை உடம்பு பயின்றுகொள்ள வழியில்லை. அச்சத்தை உள்ளுணர்வு என்று மயங்குவதை எல்லோரும் பேசுகிறோம்; பழக்கத்தால் வந்த நிம்மதியை உள்ளுணர்வு என்று மயங்குவதைப் பேசுவதில்லை. அதுவே கொடியது. இங்கே நெஞ்சைக் கேட்பதைவிட மழைமானியைப் பார்ப்பது மேல்: 24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற வேண்டும்.

எங்கே வெளியேறுவது? இந்தக் கேள்வியை உளவியலாளர்களின் இரண்டு நிபந்தனைகளும் தொடவில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தொட்டிருக்கிறது. அச்சம் பிறக்கும் இடங்களை அது நான்காக வகுக்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. நான்காவதை, ஆள்வோரிடம் கொள்ளும் அச்சத்தை, நான் தோட்டத்தில் வைத்துப் படிக்கிறேன். லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம்; வேலையும் கூரையும் ஒரே கையில் இருக்கின்றன. மலையிலிருந்து சீக்கிரம் இறங்கினால், நிர்ணயித்த கிலோ சேராவிட்டால், அன்றைக்கு 'அரைப்பேர்'தான், பாதிச் சம்பளம். இதற்குப் பின்னால் நீண்ட நினைவும் இருக்கிறது. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் இலங்கை, இந்தியத் தலைவர்கள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப உடன்பட்டார்கள். பிரிந்தவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. இறைக்கு அஞ்சுவதும் இங்கே அனுபவத்தால் கற்ற பாடமே. கோழைத்தனம் என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. வள்ளுவரும் அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதை அறிவுடைமை அதிகாரத்தில்தான் வைத்தார்.

ஆனால் ஒன்று நேர்கிறது. மலையை நினைத்து எழும் உணர்வும் ஆள்வோரை நினைத்து எழும் அச்சமும் ஒரே நெஞ்சில் மோதும்போது பின்னது முன்னதை அமுக்கிவிடுகிறது. எச்சரிக்கை வந்தும் இருந்த இடத்திலேயே இருந்தவர்களை அசட்டையானவர்கள் என்று எழுதுபவர்கள் இந்த மோதலைக் காணத் தவறுகிறார்கள். வேறு காணி இல்லாத ஒருவருக்கு, எவ்வளவு கூர்மையான உள்ளுணர்வானாலும், அது வெறும் மனவேதனையாகவே முடியும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தபோதும் எங்கே வெளியேறுவது என்ற அதே கேள்விதான் எழுந்தது.

இனி, நெஞ்சில் எழுந்ததைச் சோதிக்க என்ன வழி? அதைக் கூர்ந்து பார்க்கும் வேலைக்கு இட்டுச் செல்வதே எனக்குத் தெரிந்த வழி. ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்கியிருக்கிறதா? மின்கம்பம் சாய்ந்திருக்கிறதா? நேற்றுவரை சுலபமாகச் சாத்திய கதவு இன்று சட்டத்தில் இறுகுகிறதா? பார்க்கப் பார்க்க அச்சம் பெரும்பாலும் கலையும். உள்ளுணர்வுக்குப் பற்றிக்கொள்ள ஒரு பொருள் கிடைக்கும். ஹட்டனுக்கு அருகே ஒரு லயத்தின் இஸ்தோப்புச் சுவரில் வெடிப்பொன்றின் இரு பக்கமும் கரியால் கோடிழுத்து, பக்கத்தில் திகதி எழுதியிருந்ததைப் பார்த்தேன். மூன்று திகதிகள் இருந்தன. முதல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி மாறவில்லை. மூன்றாவதில் ஒரு விரல் நுழையும் அளவு விலகியிருந்தது. கோடிழுத்தவர் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. அவளுடைய அம்மா அந்த அளவைத்தான் தோட்டக் கந்தோருக்குக் கொண்டு போனார்.